வெண்மதியின் லோடர்

நெய்வேலியில் துணி காயப்போடக் காற்றைப் பார்க்கத் தெரிய வேண்டும். அனல் நிலையப் பக்கமிருந்து அடித்தால் வெள்ளைத் துணியெல்லாம் சாம்பல் பூத்துவிடும். துப்பாக்கி சுடும்போது வெண்மதி போடுகிற முரட்டு கேன்வாஸ் கோட்டைக் கல்யாணமான நாளிலிருந்து நான்தான் காற்றுப் பார்த்துக் காயப்போடுகிறேன். அவளைப் பார்த்துக்கொண்டதில் யாரும் குறை சொல்ல முடியாது, மேடம். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மனைவிக்குச் சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் போய்விட்டன. சக்கர நாற்காலிதான். ஆனால் வேலையில் அவள் பெர்மனென்ட். குவார்ட்டர்ஸ் அவள் பெயரில். நான் கம்மாபுரத்துக்காரன், சுரங்கத்தில் கான்ட்ராக்ட். எங்கள் பிளாக்கில் யாரும் என்னைச் சுதாகர் என்று கூப்பிட்டதில்லை. 'வெண்மதி வூட்டுக்காரரு' என்பார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை.

அப்போதெல்லாம் மாற்றுத்திறனாளிகளுக்கான போட்டிகளில் அவள் இரண்டு கையாலும் ரைபிளைப் பிடித்துச் சுடும் பிரிவில் இருந்தாள். மாநிலத்தில் பதக்கம் வாங்குவாள், தேசியப் போட்டியில் கோட்டை விடுவாள். நான் தண்ணீர் பாட்டிலோடு பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். ஒருமுறை அனுமதி அட்டை இல்லை என்று செக்யூரிட்டி அங்கிருந்தும் எழுப்பி விட்டான். சுட்டு முடித்து வெளியே வந்தவள், எங்கே போனீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. அது வலித்தது.

பிறகு ஒரு மழை நாளில் வீட்டுச் சாய்தளத்தில் நாற்காலி வழுக்கி விழுந்தாள். முழங்கையில் நரம்பு நசுங்கி இடது கை தொங்கிவிட்டது. போட்டி நடத்துகிறவர்களின் மருத்துவக் குழு அவளை வேறு பிரிவுக்கு மாற்றியது. அங்கே துப்பாக்கியை ஒரு ஸ்பிரிங் தாங்கி சுமக்கும். குண்டு போட்டுக் கொடுக்கப் பக்கத்திலேயே ஓர் ஆள் உட்காரலாம். லோடர் என்பார்கள். லோடர் வாய் திறக்கக் கூடாது. குண்டை வைத்து, மூடி, கையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான்தான் லோடர். கழுத்தில் அட்டை, அவள் போட்டிருக்கும் அதே நிறச் சட்டை. நான் குண்டு வைக்காமல் அவள் ஒரு தடவைகூடச் சுட முடியாது. அந்த ஆண்டே தேசியத்தில் தங்கம். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அவ்வளவு சந்தோஷமாக நான் என்றைக்கும் இருந்ததில்லை.

பண்ருட்டியில் அகிலா என்ற பிசியோதெரபி டாக்டரிடம் காட்டினோம். வெண்மதியை உள்ளே பயிற்சியில் உட்காரவைத்துவிட்டு, வெளியே வந்து என்னிடம் சொன்னார்.

"நரம்பு அறுந்து போகலைங்க, நசுங்கித்தான் இருக்கு. ஒரு வருஷத்துல கை வந்துடும். தூங்கும்போது இந்த ஸ்பிளிண்ட் பட்டையைத் தளர்வா கட்டுங்க. இறுக்கிடாதீங்க. உணர்ச்சி இல்லாத கை, நசுங்கினாலும் அவங்களுக்குத் தெரியாது."

பஸ் ஸ்டாண்டில் வெண்மதி கேட்டாள். "இன்னாங்க சொன்னாங்க? கை வருமா?"

"வராதாம். கெடக்கட்டும் வுடு. நான் இருக்கேன்ல."

அவள் அழுதாள். நான் தலையைத் தடவிக் கொடுத்தேன். நீங்களே யோசித்துப் பாருங்கள், கை வந்தால் மறுபடி பழைய பிரிவு, பழைய தோல்வி. முதலுக்கே மோசம். என்னையும் கறிவேப்பிலை மாதிரி ஓரமாக எடுத்து வைத்துவிடுவார்கள். அதன்பிறகு பண்ருட்டிக்குப் போகவில்லை. கை கோணிவிடாமல் இருக்கட்டும் என்று சொல்லி ஸ்பிளிண்டை மட்டும் தினமும் நானே கட்டினேன்.

ஆனால் உடம்பு யார் சொல்லையும் கேட்பதில்லை. ஒருநாள் தலை சீவிக்கொண்டிருந்தவள் கூப்பிட்டாள். "ஏங்க, இங்க வாங்க. சுண்டு வெரலு அசையுது பாருங்க." சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அடுத்த ஆண்டு மருத்துவக் குழு மறுபடி சோதிக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து பட்டையை ஒரு துளை இறுக்கிக் கட்டினேன். சில வாரம் கழித்து இன்னொரு துளை. ஆத்திரத்தில் செய்யவில்லை, நிதானமாகத்தான் செய்தேன். அவளுக்கு வலிக்கவே இல்லை. விரல் நின்றுவிட்டது. சோதித்தவர்கள், இனி இந்தப் பிரிவே பெர்மனென்ட் என்றார்கள்.

பாராலிம்பிக்கில் ஐந்தாம் இடம். ஊர் திரும்பியதும் பாராட்டு விழா வைத்தார்கள். சால்வை போட வந்த அகிலா டாக்டர் வெண்மதியின் இடது கையைப் பிடித்தவர் விடவில்லை. திருப்பிப் பார்த்தார். முழங்கையைச் சுற்றிப் பட்டை பதிந்த தழும்பு.

"இது இறுக்கிக் கட்டினதால வர்றதும்மா. இந்நேரம் கை வந்திருக்கணுமே. யாரு கட்டுறது?"

வெண்மதி என்னைப் பார்த்தாள். மறுநாள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மலர்கொடி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வர, உங்கள் ஸ்டேஷனுக்கே வந்து புகார் கொடுத்திருக்கிறாள்.

மறைக்க ஒன்றுமில்லை, மேடம். என் மனைவியின் கையைச் சாகடித்தது நான்தான். பிழைத்து வந்த கை என்று தெரிந்தே செய்தேன். அடுத்த போட்டிக்கு மலர்கொடிதான் லோடராம். போகட்டும். இந்தக் கோபமெல்லாம் எத்தனை நாளைக்கு? ஒற்றைக் கையால் தள்ளினால் சக்கர நாற்காலி நின்ற இடத்திலேயேதான் சுற்றும். என்னை விட்டு அவள் எங்கே போய்விடப் போகிறாள்.