விழுந்தவர் எவருமில்லை

இந்த நாற்காலிக்குக் கைப்பிடி இருப்பது நல்லது, ஐயா. முழங்கால் வலிக்காரர்கள் ஊன்றி எழுந்துகொள்ளலாம். அந்த மூலையில் மின்விசிறியின் ஒயர் மட்டும் தரையில் கிடக்கிறது. யாராவது தடுக்கி விழுவதற்குள் சுவரோரம் ஒதுக்கச் சொல்லுங்கள். இருபத்திரண்டு வருடம் மனநல வார்டில் வேலை பார்த்தவளுக்கு இதெல்லாம் கண்ணை உறுத்தும். என் வீட்டுக்காரர்கூடச் சொல்வார், "நீ வீட்ல இருந்தா ஒரு டம்ளர்கூட கீழ விழப் பயப்படும்" என்று. பாராட்டாகத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன்.

உங்கள் விசாரணை அறிக்கையில் "கட்டிப்போட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. "பாதுகாப்பில் வைத்தோம்" என்போம். பரவாயில்லை, உங்கள் வசதிப்படியே இருக்கட்டும்.

கண்டக்டரைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வயது அறுபத்து மூன்று. முப்பது வருடம் பஸ்ஸில் நின்றே காலம் தள்ளியவர். மனைவி இறந்த பிறகு தூக்கம் போயிற்று, பின்னாலேயே புத்தியும் கொஞ்சம் தடம் மாறிற்று. எங்கள் வார்டின் நடைகூடம் அவருக்கு ஒரு பஸ். காலை ஏழு மணிக்குப் பல் துலக்கியதும் ஏறிக்கொள்வார். "உள்ள தள்ளிப் போங்க, படியில நிக்காதீங்க" என்று இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். மருந்து வண்டி வந்தால் உதட்டைக் குவித்து விசிலடித்து வழி ஒதுக்கிக் கொடுப்பார். மற்ற நோயாளிகளும் அவருக்கு ஏற்றாற்போல் ஆடினார்கள். எட்டு மாதமாக யாரிடமும் வாய் திறக்காத ஒரு பாட்டு வாத்தியார் ஒருநாள் அவரிடம் கையை நீட்டி, "கடைசி ஸ்டாப், ஒண்ணு" என்றார். டாக்டர்கள் அதை முன்னேற்றம் என்று எழுதினார்கள். நான் "நடைகூடத்தில் நெரிசல்" என்று எழுதினேன்.

ஆபத்தானவரா என்றால், இல்லை. ஈ வந்து உட்கார்ந்தால்கூட அதற்கும் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற ரகம்.

ஆனால் நடந்தார். நடப்பவர்தான் விழுவார், படுத்திருப்பவர் விழுவதில்லை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். எங்கள் வார்டு வாசலில் ஒரு பலகை உண்டு. நோயாளி யாரும் விழாமல் எத்தனை நாள் கடந்தது என்று தினமும் காலையில் எண்ணை மாற்றுவோம். அந்தச் செவ்வாய்க்கிழமை இருநூற்றுத் தொண்ணூற்றொன்று. வேறு எந்த வார்டும் நாற்பதைத் தாண்டியதில்லை. அடுத்த வாரம் பாதுகாப்பு ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிப்பது என் வழக்கமில்லை. செவ்வாய் பதினொரு மணிக்கு அவரை நான்காம் கட்டிலில் படுக்க வைத்து, கைக்கு இரண்டு, காலுக்கு இரண்டாக பெல்ட் போட்டேன். உள்பக்கம் பஞ்சு வைத்துத் தைத்தது. தோலில் கீறல் விழாது.

விதி எனக்குத் தெரியும். டாக்டரின் எழுத்து உத்தரவு வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்து நடக்க விட வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை போய்ப் பார்த்துக் கண்காணிப்புத் தாளில் எழுத வேண்டும். நல்ல விதிதான். எழுதியவர் முப்பது கட்டிலை மூன்று பேரை வைத்துக்கொண்டு பார்த்தவரில்லை, அவ்வளவுதான். டூட்டி டாக்டர் கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்கள் என் மேசை இழுப்பறையிலேயே இருக்கும். "சிஸ்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார். மனிதரில் மாணிக்கம். காரணம் என்ற இடத்தில் "தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் அபாயம்" என்று நிரப்பினேன்.

முதல் நாள் அவர் கலவரப்படவே இல்லை. "வண்டி பிரேக்டவுனா சிஸ்டர்? எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார்.

"கொஞ்ச நேரம்தான்."

"அப்ப பாசஞ்சரை எல்லாம் வேற வண்டியில ஏத்தி விட்டுடுங்க. வெயில்ல நிக்கப் போறாங்க பாவம்."

இரண்டாம் நாள் பஸ்ஸை விட்டே இறங்கிவிட்டார். என்னைக் கூப்பிட்டு, மிகத் தெளிவாக, "சிஸ்டர், இது ஆஸ்பத்திரி. எனக்குத் தெரியும். என் பொண்டாட்டி செத்துட்டா, அதுவும் தெரியும். அவுத்து விடுங்க. இனிமே நான் விசிலடிக்க மாட்டேன்" என்றார். ஆறு மாத மருந்தில் வராத தெளிவு. நானும் அதை முன்னேற்றம் என்று எழுதினேன். பலன் தெரிகிற சிகிச்சையைப் பாதியில் நிறுத்தக் கூடாது.

மூன்றாம் நாள் அவருடைய தங்கை வந்தாள். ரப்பர் அடி வைத்த புதுச் செருப்பு ஒரு ஜோடி கொண்டு வந்திருந்தாள். "அண்ணன் நாள் பூரா நடக்கும். இது வழுக்காது சிஸ்டர்" என்றாள். அவர் தூங்குகிறார், எழுப்பினால் கலவரப்படுவார் என்றேன். கதவுக் கண்ணாடி வழியாகக்கூடப் பார்க்கவில்லை அவள், அவ்வளவு மரியாதை. செருப்பை அலமாரியில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை அவர், "இடது கால் கனக்குது சிஸ்டர். என் கால் மாதிரியே இல்ல" என்றார். போர்வையை விலக்கிப் பார்த்தேன். கெண்டைக்கால் இரண்டு பங்காக வீங்கியிருந்தது. அசையாமல் கிடக்கும் காலில் ரத்தம் கட்டிக்கொள்ளும், அது மேலே ஏறினால் ஆளைக் கொல்லும் என்பது செவிலியர் படிப்பில் முதல் வருடப் பாடம். நான் அதில் முதல் மதிப்பெண். எதையும் மறைக்கவில்லை ஐயா. போர்வையைத் திரும்ப இழுத்து மூடினேன், அவ்வளவுதான்.

அன்று மாலை புதுப் பெண் என் மேசைக்கு வந்தாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆன செவிலி.

"மேடம், நாலாம் கட்டில்காரருக்குக் கால் நீலமா இருக்கு. டாக்டரைக் கூப்பிடட்டுமா?"

"குழு வந்துட்டுப் போகட்டும்மா. அப்புறம் சாவகாசமா பார்க்கலாம்."

"அது திங்கக்கிழமை மேடம்."

"நடுவுல ரெண்டு நாள்தானே."

சனிக்கிழமை காலை நான் கூட்டத்துக்குப் போயிருந்தபோது அவள் டாக்டருக்குப் போன் செய்திருக்கிறாள். யாரும் எடுக்கவில்லை. அவளே அவிழ்த்துவிட்டாள். கண்டக்டர் கட்டிலைப் பிடித்து எழுந்து நின்றாராம். "ரொம்ப நன்றிம்மா" என்றாராம். நான்கு அடி வைத்தார். ஐந்தாவது அடிக்கு மூச்சு வரவில்லை. அவள் தோளில் சாய்ந்தவரைத் தாங்கிப் பிடித்து, மெல்லத் தரையில் படுக்க வைத்தாள். பத்து மணி பத்து நிமிடத்துக்கு உயிர் போய்விட்டது. காலில் கட்டிய ரத்தம் நுரையீரலை அடைத்திருந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். அவர் விழவில்லை. படுக்க வைக்கப்பட்டார். எங்கள் விதிப்படி அது விழுதலில் சேராது. மறுநாள் காலை பலகையில் இருநூற்றுத் தொண்ணூற்றாறு என்று நானே மாற்றினேன்.

அறிக்கையும் நானே எழுதினேன். "அனுமதியின்றி அவிழ்த்ததால் நோயாளிக்கு மரணம்." வார்த்தைக்கு வார்த்தை உண்மை. கட்டி வைத்திருந்த வரையில் உயிரோடுதான் இருந்தார். புதுப் பெண்ணை வேலையிலிருந்து நீக்கினார்கள். போகும்போது என் முன்னால் நின்று, "நான் அவுத்தது தப்பா மேடம்?" என்று அழுதாள். "மனசைத் தளர விடாதே" என்றேன். அவளுக்கு வேறு யார் ஆறுதல் சொல்வார்கள்?

அவள் அந்தச் சனிக்கிழமை காலையே கண்காணிப்புத் தாளைப் படம் எடுத்து வைத்திருந்தாள் என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். கெட்டிக்காரி; நான் பயிற்சி கொடுத்தவளல்லவா. ஆமாம், அது என் கையெழுத்துதான். நண்பகல் பன்னிரண்டு: அமைதியாக உள்ளார். இரண்டு மணி: கட்டு அவிழ்த்து நடக்க வைக்கப்பட்டார், தண்ணீர் குடித்தார். நான்கு மணி: புகார் ஏதுமில்லை. பத்து பத்துக்கு இறந்தவர் இரண்டு மணிக்கு எப்படி நடந்தார் என்று கேட்கிறீர்கள். அந்தந்த நாளின் தாளைக் காலையிலேயே முடித்துவைப்பது என் பழக்கம். வேலையைத் தள்ளிப்போட எனக்குப் பிடிக்காது. அதோடு, நான்கு மணிக்கு அவரிடம் புகார் ஏதுமில்லை என்பது பொய்யுமல்ல.

செவ்வாய்க்கிழமை பத்தே முக்காலுக்கு என்ன நடந்தது என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். சொல்கிறேன், அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்றாலும்.

பெரிய டாக்டர் விருந்தினர் நான்கு பேரோடு வார்டைச் சுற்றிக் காட்ட வந்தார். நான் மேசையில் இருந்தேன். கண்டக்டர் நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, டிக்கெட்?"

"நான் ஸ்டாஃப்" என்றேன், சிரித்துக்கொண்டே.

"ஸ்டாஃபா? அப்ப நீங்கதானே நிக்கணும்? நானும் தினம் பார்க்கிறேன், நீங்க மட்டும் உக்காந்தே வர்றீங்க. எத்தனை முடியாதவங்க நிக்கிறாங்க பாருங்க. எழுந்திரிங்கம்மா."

நான் எழுந்துவிட்டேன், ஐயா. ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. பெரிய டாக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். விருந்தினர் சிரித்தார்கள். புதுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பாட்டு வாத்தியார் கைதட்டினார். நானும் சிரித்தேன். அவர்கள் வாசலைத் தாண்டும்போதே பெல்ட் எந்த அலமாரியில் இருக்கிறது என்று எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. தொழில் பழக்கம்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். கட்டியது நான். ஐந்து நாளும் ஒருமுறைகூட அவிழ்க்காதது நான். அந்தக் கால் அவரைக் கொல்லும் என்று தெரிந்தும் போர்வையை மூடியது நான். அந்தப் பெண் மேல் பழியைப் போட்டதும் நான்தான். ஆனால் கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். கோபமாக இருந்திருந்தால் மறுநாளே ஆறியிருக்கும்.