அடுப்படியில் சிங்கப்பூர்

சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் மாசாயில் ஒரு போன் கம்பெனிக் கவுண்டர். எனக்கு முன்னால் நின்ற அம்மாவின் குரல் வரிசை முழுக்கக் கேட்டது.

“என் வீட்டு அடுப்படியில நின்னா, வெல்கம் டு சிங்கப்பூர்னு மெசேஜ் வருது!”

“கடலுக்கு அந்தப் பக்கத்து லைனப் பிடிக்குது, ஆன்ட்டி. செட்டிங்ல ஆட்டோவ ஆஃப் பண்ணிட்டு நம்ம லைன வைங்க,” என்றார் கவுண்டர்க்காரர்.

“வச்சேன் லா! இப்ப எந்த லைனும் இல்ல. நேத்து வீட்டுக்காரரு பாத்ரூம்ல விழுந்துட்டாரு. அவர அப்படியே போட்டுட்டு, ஆம்புலன்ஸக் கூப்பிட மோட்டார்சைக்கிள்ல ரோட்டு முனைக்குப் போனேன்!”

“கம்ப்ளைன் எழுதிட்டேன், ஆன்ட்டி. டெக்னீசியன் உங்களுக்குக் கால் பண்ணுவாரு.”

அந்த அம்மா போனைக் கவுண்டர்மேல் படாரென்று வைத்தார்.

“இந்தா, இங்கதான் லைன் ஃபுல்லா இருக்கு. நீயே வச்சுக்க. அவன் கூப்பிட்டா எடுத்துப் பேசு.”