மெசியே அண்ணை சொன்ன மூன்று ஓம்

பேச எட்டே எட்டு நிமிடம் தந்துவிட்டு, ஒன்பதாவது நிமிடத்துக்காக இப்போதே மணியைக் கையில் எடுத்து வைத்திருக்கும் தலைவர், பாரிஸ் ரூ பெர்தொனே தெருவின் தங்கக் குணத்தார், நகைக்கடை ஞானசுந்தரம் அவர்களே. தலை நரைத்தாலும் நா நரைக்காத பெரியோர்களே. குளிருக்கும் அஞ்சாமல், கூட்டத்துக்கும் அஞ்சாமல், மெற்றோப் படிகளுக்கு மட்டும் அஞ்சி வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே. பின்வரிசையில் வாயை றோல்ஸ் பலகாரத்துக்கும் செவியை எனக்கும் தந்திருக்கும் ரூ காய் தெரு வர்த்தக நண்பர்களே. தனியே விளிக்காவிட்டால் வீட்டுக் கதவு திறக்காது என்பதால் தனியே விளிக்கப்படும் என் மனைவி புஸ்பராணியே. எல்லோருக்கும் புடவைக்கடை அருள்நேசனின் பட்டு வணக்கம்.

நமது வர்த்தகர் விழாவில் வழமையாக ஒரு வணிகருக்குத்தான் பொன்னாடை போர்ப்போம். அந்தப் பொன்னாடையும் வழமையாக என் கடையில்தான் வாங்குவோம். இம்முறை பொன்னாடை என் கடையிலிருந்துதான் வந்திருக்கிறது, பதற வேண்டாம். ஆனால் அதைப் பெறப்போகிறவள் வணிகர் அல்ல. தமிழச்சியும் அல்ல. அதோ, மேடை ஓரத்தில் மழைக்கோட்டோடு, மடியில் ஒலிப்பதிவுக் கருவியோடு இருக்கிறாளே ஆன்ஜெலிக், அவள்தான்.

யார் இந்த ஆன்ஜெலிக்? தென்னமெரிக்கக் கரையில், பிரெஞ்சுக் கொடி பறக்கும் கயானாவில், மரோனி ஆறு கடலைத் தொடும் இடத்தில் பிறந்தவள். கப்பல்கள் வருமுன்பே அந்தக் கரையில் வாழ்ந்த கலினா என்னும் பூர்வகுடியின் மகள். வயது இருபத்துநான்கு. பாட்டை எழுதுபவள் அவள், பாடுபவள் அவள், இசை கோர்த்து வெளியிடுபவளும் அவள். அதிகாலையில் ஹோட்டலில் படுக்கை விரிப்பு மாற்றிவிட்டு, மாலையில் மேடை தேடியவள். முதல் மேடையில் என்ன கேட்டார்களாம் தெரியுமா? "தலையில் வைக்கும் இறகு எங்கே?" என்று கேட்டார்களாம். "மழைக்கு இறகு உதவாது, அதனால் கோட்டுப் போட்டு வந்தேன்" என்றாளாம். அந்த மேடை அவளுக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கோட்டைத்தான் இன்றும் போட்டிருக்கிறாள்.

அவள் குடியிருப்பது என் கடைக்கு மேலே, ஆறாம் மாடி அறையில். பாடினால் ஐந்தாம் மாடிக்காரர் சுவரில் இடிப்பார். அந்த இடி தாளத்தில் இருந்தாலும் பரவாயில்லை, அதுவும் இல்லை. ஒருநாள் கடைக்கு வந்து, "மெசியே, உங்கள் சேலைகளுக்கு நடுவில் இரண்டு மணித்தியாலம் இருக்கலாமா?" என்று கேட்டாள். இப்படி ஒரு வாடிக்கையாளரை நான் வாழ்க்கையில் கண்டதில்லை. பதினான்கு சேலையை விரித்துக் காட்டினேன். அவள் ஒன்றையும் பார்க்கவில்லை. கைதட்டிப் பார்த்தாள். பட்டுக்கு நடுவே எதிரொலி வராதாம். அன்று முதல் என் கடையின் நிலவறை, காஞ்சிபுரத்துக்கும் பனாரசுக்கும் நடுவே, ஒலிப்பதிவுக் கூடம் ஆனது.

கடையில் எல்லோரும் என்னை "அண்ணை" என்பதைக் கேட்டு, அதுதான் என் பெயர் என்று நினைத்துவிட்டாள். இன்றுவரை நான் அவளுக்கு மெசியே அண்ணை, அதாவது திருவாளர் அண்ணை.

இப்போது அந்த வரலாற்றுச் சம்பவத்துக்கு வருகிறேன். மணியைக் கீழே வையுங்கள் தலைவரே.

அவள் தன் மொழியில் ஒரு பாட்டு எழுதியிருந்தாள். ஆற்றங்கரையில் இருக்கும் தாயுடன் தொலைபேசியில் பேசும் பாட்டு. இணைப்பு அறுந்து அறுந்து போகிறது. மகள் மூன்று தரம் கேட்கிறாள்: "கேட்குதா?" பதில் இல்லை. அவ்வளவுதான் பாட்டு. அவள் உருகி உருகிப் பாடிக்கொண்டிருந்த வேளையில், சேலை அடுக்குக்குப் பின்னால் நான் நின்றேன். என் தொலைபேசியில் புஸ்பராணி.

"இஞ்சேருங்கோ, கத்தரிக்காய் வாங்கினனீங்களே?"

"ஓம்."

"முருங்கைக்காய்?"

"ஓம்."

"உண்மையா வாங்கினனீங்களே, இல்லாட்டி மறந்துபோய் நிண்டு பொய் சொல்லுறியளே?"

"ஓ...ம்."

மூன்று கேள்வி, மூன்று ஓம். அவள் பாட்டின் மூன்று கேள்விக்குப் பின்னாலும் ஒவ்வொன்றாய்ப் பதிவில் போய் விழுந்துவிட்டன. நான் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டேன். அவள் காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?" என்றாள். "வுய், ஆமாம் என்று அர்த்தம்" என்றேன். அந்தப் பிள்ளை அழுதுவிட்டது. "நான் கேட்டுக்கொண்டே இருந்தேன் மெசியே அண்ணை. நீங்கள் ஒருவர்தான் பதில் சொன்னீர்கள்" என்றாள். நானும் அழுதேன். முருங்கைக்காய் வாங்காமல் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

பாட்டை இணையத்தில் போட்டாள். பற்றிக்கொண்டது. பற்றியது எது? என் ஓம். "கீழைத்தேயத் துறவியின் மந்திரம்" என்று எழுதினார்கள். மூன்றாவது ஓமில் பிரபஞ்சத்தின் பேராழம் கேட்கிறதாம். ஐயா, அது பிரபஞ்சம் அல்ல, பயம். என்ன சிரிக்கிறீர்கள்? முன்வரிசை ஆண்களே, உங்களுக்கு அந்த ஆழம் தெரியாதா?

பிறகு ஓர் இசை நிறுவனத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "நீங்களா சுவாமி அண்ணை?" என்றார். பழக்கதோஷம், "ஓம்" என்றேன். மறுமுனையில் பக்தியோடு "நமஸ்தே" என்றார். மன்னார்க் கத்தோலிக்கன் நான். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன். எனக்குக் காவி உடுப்புக்கு அளவு கேட்கிறார்கள்.

அவர்தான் மெசியே நிக்கோலா. இரண்டாம் வரிசையில், நாங்கள் ஓம் சொல்லும்போதெல்லாம் கைகூப்பிக்கொண்டிருக்கிறாரே, அவரேதான். நல்ல மனிதர். ஆனால் அவர் கொண்டுவந்த ஒப்பந்தத்தில் ஏழாம் வரி ஒன்று இருக்கிறது: ஓம் இருக்கட்டும், மிச்சப் பாட்டைப் பிரெஞ்சில் பாட வேண்டும். ஆன்ஜெலிக் பேனையைத் தொடவில்லை. "அம்மாவோடு நான் பிரெஞ்சில் பேசுவதில்லை" என்றாள். ஒப்பமிட்டால் ஊரெல்லாம் கேட்கும், அம்மாவின் மொழி கேட்காது. ஒப்பமிடாவிட்டால் மறுபடி படுக்கை விரிப்பு.

அவர் ஒன்று சொன்னார்: "அந்த மொழி தெரியாத ஒரு மண்டபம் அவளுக்குப் பதில் சொல்லுமானால், அந்த வரியை நான் வெட்டுகிறேன்."

விளங்காத மொழிக்கு யார் பதில் சொல்லுவார்கள் என்று யாரைப் பார்த்துக் கேட்கிறீர்கள் மெசியே? எங்களைப் பார்த்தா? வதிவிட அனுமதிக்கு வரிசையில் நின்ற எங்களைப் பார்த்தா? "திருமணமானவரா?" என்று கேட்டார்கள், வுய் என்றேன். "தனியாளா?" என்று கேட்டார்கள், அதற்கும் வுய் என்றேன். அலுவலக அம்மையார் பேனையை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். எந்த வுய் உண்மை என்று புஸ்பராணி இன்றைக்கும் கேட்கிறாள். விளங்காமல் பதில் சொல்லியே வீடு எடுத்தோம், வேலை எடுத்தோம், கடை எடுத்தோம். வாழ்நாளெல்லாம் விளங்காமல் வுய் சொன்னவர்கள், இன்றைக்கு ஒருதரம் விளங்கி ஓம் சொல்ல மாட்டோமா?

சபையோரே, அவள் கேட்கப்போவது ஒரே கேள்வி. தன் தாயிடம், "கேட்குதா?" அதில் விளங்காதது என்ன இருக்கிறது? நீங்கள் தொலைபேசி அட்டை சுரண்டிச் சுரண்டி எத்தனை தரம் கேட்ட கேள்வி அது? மறுமுனையில் எத்தனை தரம் காத்திருந்த பதில் அது?

ஆன்ஜெலிக், பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கை எரியவிடம்மா. பாடு.

...கேட்டாள். எல்லோரும் சொல்லுங்கள், ஓம்.

...தாய்மார்களே, இன்னும் பலமாக.

...மூன்றாவது. நீட்டிச் சொல்லுங்கள். அங்கே ஆற்றங்கரைக்குக் கேட்க வேண்டும்.

போதும். என்னால் இனி அலங்காரமாகப் பேச முடியவில்லை. தலைவரே, நீங்கள் மணியை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைக்கிறீர்கள், நான் கவனித்தேன்.

மெசியே நிக்கோலா எழுந்து நிற்கிறார். உட்காராதீர்கள் மெசியே, சபை முன்னால் உங்களையும் பிரெஞ்சிலேயே ஒன்று கேட்கிறேன். ஏழாம் வரியை வெட்டுவீர்களா?

கேட்டீர்களா சபையோரே? அவர் வுய் என்று சொல்லவில்லை. ஓம் என்றார்.

பொன்னாடையை எடுத்து வாருங்கள். ஆன்ஜெலிக்குக்கு நன்றி, அவள் பாடும் மொழிக்கு நன்றி, பதில் சொன்ன உங்கள் எல்லோருக்கும் நன்றி. புஸ்பராணி, முருங்கைக்காய் இன்றைக்கு உண்மையாகவே வாங்கிவிட்டேன். வணக்கம்.