மூணு தடவை கட் பண்ணவங்க

டீ வேணாங்க சார். குடிக்க நேரம் இல்ல. ஜீப் சாவி யாருகிட்ட இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. மேல மைக் கட்டியிருக்குதே, உங்க ஃபாரஸ்ட் ஜீப்பு. மணி இப்பவே நாலரை. ஆறு மணிக்குள்ள காட்ட வுட்டு எறங்கிரும்னு நீங்கதான காலையில சொன்னீங்க, அஞ்சு ஆனை, குட்டியோடன்னு? ராகி முத்தி நிக்குது. நேரா வயலுக்குத்தான் வரும்.

டிரைவர் மாரண்டஹள்ளி போயிருக்காரா? நீங்க ஓட்டுங்க சார், உங்களுக்குத் தெரியாததா?

அதான் ஆப் இருக்குதே, எல்லாருக்கும் போன் போவுமே, மைக் எதுக்குன்னுதான? சரிங்க, ரேஞ்சருக்கு ஒரு காரணம் சொல்லணும். சொல்றேன். ஆனா மொதல்லருந்து வரணும். சுத்தி வளைக்கலீங்க, சத்தியமா.

நான் செஞ்ச அந்த ஆப்பு செர்வர்லெஸ்னு ஒரு வகை. அன்னிக்கி கூட்டத்துல வெளக்குனேன், நீங்க கொட்டாவி விட்டீங்க. செர்வர் இல்லைன்னு அர்த்தம் இல்லீங்க, பேரு வச்சவன் சரியா வைக்கல. செர்வர் எங்கியோ இருக்கும், நம்மளுது இல்ல, அவ்ளோதான். வாடகை டிராக்டர்னு வச்சுக்குங்க. கூப்புட்டா வரும், உழும், போயிரும். நம்ம வாசல்ல நிக்காது. ஆனைய பாத்தவங்க ஒரு நம்பருக்கு மிஸ்டு கால் குடுத்தா போதும், புரோகிராம் முழிச்சுக்கும், நூத்தி எம்பத்தாறு பேருக்குப் போன் போட்டுச் சொல்லும், திரும்பத் தூங்கிரும்.

நல்லாத்தாங்க ஓடிக்கிட்டு இருந்துச்சு.

வேகமா சொல்றேன், இருங்க. போன மாசம் அந்த செர்வர வாடகைக்கு விடற கிளவுடு கம்பெனிக்காரன் புதுசு புதுசா எறக்குனான். ஒண்ணு, போன எடுக்கற வரைக்கும் காத்திருந்து, விட்ட எடத்துலருந்து தொடரும். இன்னொண்ணு, நம்ம எழுதுனத படிச்சுப் பாத்து யோசனை சொல்லும். தமிழ்ல கேட்டாலும் சொல்லுது சார், என்னைய விட நல்ல தமிழ்ல. எட்டு வருசமா பெங்களூர்ல இதே பொழப்பா இருக்கறவன், புதுசக் கண்டா கை சும்மா இருக்குமா? மாட்டி வுட்டேன்.

அது என்னா சொல்லுச்சுன்னா, மூணு தடவை கட் பண்ணவங்களுக்கு இந்தப் போன் புடிக்கலைன்னு அர்த்தம், தொந்தரவு பண்ணாம லிஸ்ட்லருந்து எடுத்துரலாமான்னு கேட்டுச்சு. நியாயமாப் பட்டுச்சுங்க. பெங்களூர்ல ஒருத்தன் மூணு தடவை கட் பண்ணா அப்படித்தான். சரின்னு ஒரு அமுக்கு அமுக்குனேன்.

இன்னிக்கி மத்தியானம் டீக்கடையில கோவிந்தம்மாக்கா கேக்குது, ஏன் பிரபாகரு, இப்பல்லாம் ஆனையே எறங்கறது இல்லையா, போனே அடிக்கறது இல்லியேன்னு. ஏன்க்கா, அடிச்சப்போ எடுத்தியான்னேன். எதுக்குய்யா எடுக்கணும், உன் நம்பர் வந்தாலே சேதி தெரிஞ்சுபோச்சு, எடுத்துப் பேசி உனக்கு எதுக்கு செலவு வைக்கணும், ரெண்டு ரிங்குல கட் பண்ணிருவேன், நீயும் எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு புரிஞ்சுக்குவ, அப்படீங்குது.

எனக்குத் தெரியாதா சார் இது? பஸ் ஏறிட்டா ஒரு ரிங்கு, எறங்கிட்டா ரெண்டு ரிங்குன்னு எங்கம்மாவோட ஏற்பாடு பண்ணிக்கிட்டு ஓசூர்ல படிச்சவன் நான். இந்த ஆப்ப ஆரம்பிச்சதே மிஸ்டு கால்ல. அவங்க கட் பண்ணி சரிய்யான்னு சொல்லியிருக்காங்க. நான் வேணாம்னு சொன்னதா கணக்குல எடுத்துக்கிட்டேன்.

எழுபத்தோரு பேருங்க.

திருப்பிச் சேக்க முடியாது சார். லிஸ்ட்லருந்து எடுத்த நம்பரு ஏழு நாள்ல தானா அழிஞ்சிரும்னு அதையும் நான்தான் வச்சேன். பேரும் இல்ல நம்பரும் இல்ல. நகல் எடுத்து வைக்க ஒரு பொத்தான் இருக்குது, அத மட்டும் அமுக்கல. எழுபத்தோரு பேருன்னு எண்ணிக்கைய மட்டும் பத்திரமா வச்சிருக்குது.

மிச்சம் நூத்திப் பதினஞ்சு பேருக்கு சேதி போட்டுட்டேன், பக்கத்து வயல்ல சொல்லுங்கன்னு. பக்கத்து வயல்காரனோட பேச்சுவார்த்தை இருக்கறவன் நம்ம ஊர்ல எத்தனை பேரு? வூடு வூடாப் போலாம்னா ஆளுங்க எல்லாம் ராகி அறுப்புல இருக்காங்க. போன் அடிக்கலைன்னா ஆனை இல்லைன்னு முன்னாடி யாரும் நெனைக்கலீங்க. இருட்டுனா அவங்களே பயந்து வயல வுட்டு ஏறி வந்துருவாங்க. இப்ப என்னைய நம்பிக்கிட்டு உக்காந்திருக்காங்க. மைக்கு ஒண்ணுதான் வயல் வரைக்கும் கேக்கும்.

எப்பருந்துன்னா? பதினஞ்சு நாளாங்க.

ஆமாங்க. நீங்க கணக்குப் போடறது சரிதான். ஆனை மிதிச்சு சவரிமுத்தண்ணன் செத்துப் பன்னெண்டு நாளு.

உங்க விசாரணை பைல்ல என் கடுதாசி இருக்குது, தெரியும். அழைப்பு அனுப்பப்பட்டது, இறந்தவர் துண்டித்துவிட்டார். சந்திப்பிழை கூட இல்லாம எழுதிக் குடுத்தேன். அவரு பேருக்கு நேரா கட் பண்ணதா இருந்துச்சு சார். அது அண்ணன் சாகறதுக்கு முந்துன வாரத்துது. தேதிய நான் பாக்கல. பாத்தேனோ என்னவோ. அன்னிக்கிப் பாக்காம இருக்கறது சுளுவா இருந்துச்சு.

அதுலருந்து ஊரே சொல்லுது, போன எடுத்திருந்தா மனுசன் உசுரோட இருந்திருப்பான்னு. அண்ணன் சம்சாரம் ராஜமேரியக்காவும் அதையே சொல்லிப் புருசன திட்டித் திட்டி அழுவுது.

சாவி கெடைச்சிருச்சுங்களா? வாங்க சார், போலாம். நீங்க ஓட்டுங்க, மைக்க நான் புடிக்கறேன். மொத வளைவுல ராஜமேரியக்கா வூடு, அங்க மட்டும் கொஞ்சம் மெதுவா. அண்ணன் கட் பண்ணல, அன்னிக்கிப் போனே போவல, பேர எடுத்தது நான்தான்னு சொல்லணும். அதையும் மைக்குலயே சொல்லிர்றேங்க. எறங்கிப் போயி மூஞ்சியப் பாத்து சொல்ற அளவுக்கு எனக்குத் தெம்பு இல்ல.