மூன்று முறை இழுத்தால்

மே மாதம் ஒன்பதாம் தேதி வரைக்கும் எங்கள் வீட்டு வாசலில் பனி தள்ளும் பலகை சாத்தியபடியேதான் இருந்தது. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும். இந்த வருஷம் வசந்தம் எல்லோரையும் ஒன்றுபோலத்தான் காக்க வைத்தது.

ஆனால் அது வந்த வேகத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. பத்தாம் தேதி காலை கூரைப் பனி மொத்தமாகச் சரிந்து பூனையின் மேல் விழுந்தது. மத்தியானம் கொக்குகள் வந்தன. சாயங்காலம் குயில் கூவியது. மறுநாள் மருந்துக்கடை அம்மாள் காலணியைக் கழற்றி எறிந்துவிட்டு, கூட்டுறவுக் கடை வாசலில் சகதிக்குள் நின்று ஐஸ்கிரீம் தின்றாள். பாதிரியார் இரண்டு கைகளையும் விட்டுவிட்டுச் சைக்கிள் ஓட்டினார். நான் முப்பத்தெட்டு வருஷம் ஊர் நூலகத்தில் வேலை பார்த்தவன். வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குச் சம்பளத்தோடு வந்த பழக்கம். அப்படிப்பட்ட நானே விறகுக் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் ஆடினேன். அந்த வாரம் என் மனநிலை எப்படி இருந்தது என்று கேட்டீர்கள். இப்படித்தான் இருந்தது. கோபம் இல்லை, பகை இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

உர்ப்போ என் நண்பன். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர்ப் புகைப்படக் கழகத்தில் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். அதில் கருஞ்சேவல் என்கிற காட்டுப் பறவைகளின் ஆட்டத்தைப் படம் பிடிக்கப் போகிறவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான். மற்றவர்கள் அணிலைப் படம் எடுப்பதோடு நின்றுவிட்டார்கள். அவன் பெயர் பிர்ச் மரத்துப் பூங்கதிரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கருஞ்சேவல்கள் குளிர்காலம் முழுக்க அதைத் தின்றுதான் உயிர் வாழ்கின்றன. "அதான் என்னக் கண்டா அதுங்களுக்கு அவ்ளோ பிரியம். தின்ன வந்துட்டு போஸ் குடுத்துட்டுப் போவுது" என்பான்.

அந்த ஆட்டத்தை நீங்கள் பார்த்ததில்லை என்றீர்கள். வசந்தத்தில், ஹெய்னாசுவோ சதுப்பு நிலத்தின் நடுவே, வருஷா வருஷம் அதே இடத்துக்குச் சேவல்கள் வந்து இறங்கும். கருநீலக் கழுத்து, கண்ணுக்கு மேலே சிவப்புச் சதை, பெரிய மனிதரின் மீசையைப் போல இரண்டு பக்கமும் சுருண்ட வால். தலையைத் தாழ்த்திக்கொண்டு, நூறு பானைகள் ஒன்றாகக் கொதிப்பதுபோல் குமுறும். பிறகு ஒன்றையொன்று பார்த்துச் சீறிக்கொண்டு எகிறும். பெட்டைகள் ஓரமாக வந்து நின்று பார்க்கும். அவை வருவது வருஷத்தில் இரண்டு மூன்று காலைகள்தான். அந்தக் காலையில் அங்கே இருப்பது வரம்.

அதற்கு ஒரு விதி உண்டு. முந்தின நாள் மாலையே மறைவுக் கூடாரத்துக்குள் போய்விட வேண்டும். மறுநாள் பறவைகள் தாமாகப் பறந்து போகும்வரை யாரும் வெளியே வரக்கூடாது. இருமக்கூடாது, எழக்கூடாது. ஒருமுறை மிரண்டால் பெட்டைகள் அந்த வருஷம் திரும்பி வராமலே போகலாம். இந்த விதியை உர்ப்போ அளவுக்குப் பிடிவாதமாகக் காத்தவர்கள் கிடையாது. கழகத்தில் புதிதாகச் சேர்பவர்களிடம், "உள்ள போயிட்டா பொண்டாட்டி பேரு மறந்துட்டாலும் வெளிய வரப்படாது" என்று விரலை ஆட்டிச் சொல்வான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு நான் அந்த விதியை மீறினேன். தொண்டை கரகரத்தது. அதிமதுர மிட்டாய் ஒன்றை எடுத்துத் தாளைப் பிரித்தேன். அந்தச் சரசரப்புக்குப் பதினாறு சேவல்களும் எழும்பிப் போய்விட்டன. அன்றிலிருந்து ஆர்மாஸ் என்ற என் பெயர் போய் மிட்டாய் ஆனது. கழகத்தில் காப்பிக் கோப்பை கையில் வந்ததும் உர்ப்போ தொடங்கிவிடுவான்.

"என்ன மிட்டாய், இந்த வருஷமாச்சும் வாயக் கட்டுவியா?"

"கட்டிட்டேன்டா. ஒன்பது வருஷமாக் கட்டித்தான் வெச்சிருக்கேன்."

"பாக்கெட்டத் திருப்பிக் காட்டு. தாளு கீளு இருக்கான்னு பாப்போம்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நிஜமாகவே சிரிப்புதான். நீங்கள் தேடுகிற காரணம் அதில் இல்லை.

பதிமூன்றாம் தேதி மாலை நான்கு மணிக்கு அவன் வீட்டிலிருந்து கிளம்பினோம். அவன் மனைவி இர்மேலி ரொட்டியும் உப்பு மீனும் கட்டிக் கொடுத்தாள்.

"ரெண்டு கிழடும் திரும்பி வரும்போது மூக்கு அதது இடத்துல இருக்கணும்" என்றாள். பிறகு அவனிடம், "மாத்திர?" என்றாள்.

"பைக்குள்ள இருக்குடி. நெஞ்ச விட உன் வாய்தான் என்னக் கொல்லுது."

"ஆர்மாஸ், நீ பாத்துக்க. இந்தாளு சொன்னாக் கேக்க மாட்டாரு."

பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். ஆமாம், அந்த வார்த்தையைத்தான் சொன்னேன்.

வழக்கம்போல இருவர் கைப்பேசிகளையும் காரிலேயே அணைத்து வைத்தோம். சதுப்பில் பனி இன்னும் முழங்கால் அளவு கிடந்தது. உர்ப்போவுக்கு மூச்சு வாங்கியது. அவன் பையை நான் வாங்கிச் சுமந்தேன். கூடாரங்கள் இரண்டுக்கும் நடுவே இருபதடி தூரம். தூண்டில் நரம்பு ஒன்றை இரண்டுக்கும் இடையே பனியில் புதைத்து இழுத்தான். அது அவன் கண்டுபிடிப்பு. ஆளுக்கொரு முனையை மணிக்கட்டில் கட்டிக்கொள்வோம். ஒருமுறை இழுத்தால் 'அங்கே பார்'. இருமுறை என்றால் 'தூங்கிவிட்டாயா'. மூன்று முறை என்றால் 'வா'. முதல் வருஷம் அவன் இதைச் சொன்னபோது, 'விதிப்படி வெளியே வரவே கூடாதே, மூன்று எதற்கு' என்று கேட்டேன். "கரடி வந்தா நான் மட்டும் தனியாவா சாப்பாடு ஆவணும்?" என்றான். அத்தனை வருஷத்தில் யாரும் மூன்று முறை இழுத்ததில்லை.

அவன் பையைத் திருப்பிக் கொடுக்க மறந்தேன். அவனும் கேட்க மறந்தான். அதில் உள்நோக்கம் கிடையாது. அந்த ஒன்றுக்கு மட்டும் என்னை நம்புங்கள்.

மறுநாள் விடிகாலை சூரியன் நான்கு மணிக்குள் எழுந்துவிட்டது. அப்போது இருபத்திரண்டு சேவல்கள் களத்தில் இருந்தன. மூன்று வாரத் தாமதத்தையும் ஒரே காலையில் ஈடு கட்ட வந்தவைபோல ஆடின. ஒன்றின் மேல் ஒன்று ஏறித் தாண்டின. சிதறிய பனித்தூளெல்லாம் வெயிலில் தங்கமாக விழுந்தது. ஒரு கிழட்டுச் சேவல் சீறிக்கொண்டே பின்பக்கமாக நடந்து குழிக்குள் விழுந்து, விழவே இல்லை என்பதுபோல எழுந்து நின்றது. சிரிப்பை அடக்க நான் கையுறையைக் கடித்துக்கொண்டேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு பெட்டைகள் வந்தன. ஒன்று, இரண்டு என்று ஏழு வரை எண்ணினேன். நரம்பு ஒருமுறை இழுபட்டது. அங்கே பார். நானும் ஒருமுறை இழுத்தேன். நாங்கள் அத்தனை சந்தோஷமாக இருந்தோம்.

நாலரை மணிக்கு நரம்பு மூன்று முறை இழுபட்டது.

மிட்டாயைச் சோதிக்கிறான் என்று நினைத்தேன். நான் எழுந்தால் கழகத்தில் இன்னும் ஒன்பது வருஷத்துக்குக் கதை கிடைத்துவிடும் அல்லவா. புன்னகையோடு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மூன்று. இந்த முறை ஒரே சீராக இல்லை. முதல் இழுப்பு பலமாகவும் மூன்றாவது மிக மெதுவாகவும் வந்தன.

அப்போது நான் தூங்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். நல்ல மனதோடு கேட்டீர்கள், நன்றி. நான் தூங்கவில்லை. விளையாட்டு என்று கடைசிவரை நம்பினீர்களா என்றும் கேட்டீர்கள். இல்லை. இரண்டாவது தடவையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

அவன் ஏன் கத்தவில்லை என்பது உங்களுக்கு விளங்கவில்லை. எங்கள் கழகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். களத்தில் ஏழு பெட்டைகள் நிற்கும்போது உர்ப்போ கத்தமாட்டான்.

ரொட்டி எடுக்க அவன் பைக்குள் கையை விட்டேன். மாத்திரைப் புட்டி விரலில் தட்டுப்பட்டுக் கிலுகிலுத்தது. பக்கத்தில் நின்ற சேவல் தலையைத் தூக்கியது. நான் கையை அப்படியே நிறுத்தினேன். மெதுவாகப் புட்டியை எடுத்து, சத்தம் வராமல் இருக்க ஒரு கம்பளிக் காலுறைக்குள் சுருட்டி என் சட்டைப்பையில் வைத்தேன். சேவல் மறுபடி குமுறத் தொடங்கியது. எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

நரம்பு இழுபட்டுக்கொண்டே இருந்தது. மூன்று, ஐந்து என்று கணக்கில்லாமல் வந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் என் வலது கை அசைந்தது, படங்கள் கலங்கின. நரம்பை அவிழ்த்துக் கேமரா முக்காலியின் காலில் கட்டினேன். முக்காலி கிறீச்சிட்டது. அதனால் கத்தியை எடுத்து அறுத்துவிட்டேன். உங்கள் மேசையில் இருக்கிற நரம்பின் முனை சுத்தமாக இருப்பது அதனால்தான். தேய்ந்து அறுந்திருக்கலாம் என்று என் வக்கீல் சொல்லச் சொல்கிறார். நரம்பு தேயவில்லை.

அதன் பிறகு வந்தது என் வாழ்க்கையிலேயே சிறந்த ஒரு மணி நேரம். இதை எப்படிச் சொல்வது. நான் பேசாமல் கழித்த வருஷங்கள் எல்லாம் இந்த மௌனத்துக்கான பயிற்சிதான் என்று தோன்றியது. கூடாரத்துக்குள் நான் என்று ஒருவன் இல்லை. கண் ஒன்றும் விரல் ஒன்றும் மட்டும் இருந்தன. வெளியே உலகம் துள்ளிக்கொண்டிருந்தது.

ஐந்தரை மணிவாக்கில் உர்ப்போவின் கூடாரத்தின் அடித் துணி தூக்கிக்கொண்டது. ஒரு கை வெளியே வந்து பனியின் மேல் கிடந்தது. கையுறை இல்லை. விரல்கள் இரண்டு தடவை மடங்கி விரிந்தன. ஒரு பெட்டை மிரளாமல் பக்கத்தில் வந்து, கழுத்தைச் சாய்த்து அந்தக் கையைப் பார்த்தது. அதையும் படம் எடுத்தேன். என் கேமராவைத் திறந்து பார்த்தபோது நீங்கள் முதலில் கேட்டதே அந்தப் படத்தைப் பற்றித்தான். அதில் பெட்டையின் கண் மிகத் துல்லியமாக விழுந்திருக்கிறது. கை தெளிவில்லாமல்தான் தெரியும்.

ஏழு மணி பத்து நிமிடத்துக்குக் கடைசிச் சேவல் பறந்து போனது. அதற்குப் பிறகும் பத்து நிமிடம் காத்திருப்பது வழக்கம். எதுவாவது திரும்பி வரலாம். காத்திருந்தேன். பிறகு வெளியே வந்தேன். வெயில் சூடாக இருந்தது, எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவனிடம் சொல்ல எத்தனையோ இருந்தன. ஓடினேன் என்றே சொல்லலாம்.

அவன் உயிரோடு இருந்தான். பிரேதப் பரிசோதனை அறிக்கையும் அதைத்தானே சொல்கிறது. முகம் சாம்பல் நிறம். உதடு நீலம். ஒருக்களித்துப் படுத்திருந்தான். என்னைக் கண்டதும் கண் அசைந்தது.

"மாத்திர... பையில..." என்றான்.

"இருக்குடா, எங்கிட்டதான் இருக்கு. இரு, மொதல்ல இதப் பாரு" என்றேன்.

பொய் சொல்லவில்லை. புட்டி என் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. கைப்பேசி காரில் இருந்தது. பத்து நிமிட நடை. இரண்டும் எனக்குத் தெரியும். ஆனால் அவனைத் தவிர வேறு யாரிடம் காட்டுவேன்? இர்மேலிக்குக் கருஞ்சேவல் என்றால் குழம்பு. கழகத்தில் மற்றவர்கள் அணில்காரர்கள். உலகத்தில் இந்தப் படங்களின் அருமை தெரிந்தவன் ஒருவன்தான், அவன் என் முன்னால் படுத்திருந்தான். அவன் தலையைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். வெயில் படாமல் என் தொப்பியால் மறைத்து, கேமராவின் சின்னத் திரையை அவன் கண்ணுக்கு நேரே பிடித்தேன்.

ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவசரப்படுத்தவில்லை. குழிக்குள் விழுந்த கிழட்டுச் சேவலைக் காட்டும்போது எனக்கே சிரிப்பு தாங்கவில்லை. என் வயிறு குலுங்கியதில் அவன் தலையும் குலுங்கியது. "பாத்தியாடா, பாத்தியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். நாற்பதாவது படமோ நாற்பத்தொன்றோ, இரண்டு சேவல்கள் அந்தரத்தில் நெஞ்சோடு நெஞ்சு மோதி நிற்கிற படம். அதைப் பார்த்தபோது, "போதும்" என்றான். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி, "போதும்டா, மிட்டாய்" என்றான்.

இதை நீங்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டீர்கள். உங்கள் முகத்திலேயே தெரிந்தது. உங்களுக்கு அவனைத் தெரியாது. முப்பது வருஷத்தில் என் படம் எதற்கும் அவன் 'பரவால்ல' என்பதைத் தாண்டிப் போனதில்லை. வயிறும் மனசும் நிறைந்தவன்தான் போதும் என்பான். அவன் இரண்டு முறை சொன்னான்.

இன்னும் இருபத்தாறு படங்கள் இருந்தன. எல்லாவற்றையும் காட்டினேன். கடைசிப் படத்துக்கு அவன் எதுவும் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொல்ல முடியாத அளவுக்கு அது அவனுக்குப் பிடித்திருந்தது.