சுடர்மதி பேருக்குப் பதினான்கு சுற்று

ஒரு சின்னக் காரியம் நடந்தது சகோதரிகளே, அதைக் கேட்டுவிட்டு ஜெபத்துக்குப் போகலாம். யார் யார் இருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கூட்டிச் சொன்னதாகப் பேச்சு வரக் கூடாது. போன வருடம், கோத்தகிரி, ஒரு பள்ளி மைதானம். எண்ணுகிற மேசையில் நானும் எப்சிபா டீச்சரும். விசிலோடு ஞானசிகாமணி சார். ஓடியவர்கள் முப்பது பேர். வேறு ஒருவரும் இல்லை... இதை மனதில் வையுங்கள்.

அந்த ஓட்டம் எதற்கு? குழந்தைகளுக்கு வருகிற புற்றுநோய்க்கு மருந்து தேடுகிற ஆராய்ச்சிக்கு. சுற்றுக்கு இவ்வளவு என்று நன்கொடை. ஒவ்வொருவரும் வார்டில் இருக்கிற ஒரு பிள்ளையின் பெயர் அட்டையை நெஞ்சில் குத்திக்கொண்டு ஓட வேண்டும். எந்தப் பிள்ளை பெயருக்கு அதிகச் சுற்று என்று போட்டி. மேசையைத் தாண்டும்போது அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், நாங்கள் கோடு போடுவோம். நம்பர் சொல்லக் கூடாது. பெட் நம்பர் கேட்டுக் கேட்டே அந்தப் பிள்ளைகள் சலித்துப் போனவர்கள், அதனால்.

அன்றைக்கு மூடுபனி எப்படித் தெரியுமா? மேசையின் அடுத்த முனையில் டீச்சர் கை தெரிந்தது, முகம் தெரியவில்லை. ஆளைப் பார்த்தா கோடு போட முடியும்? காதால் கேட்டுப் போட்டேன். ஒரு பெயர் வரும்... கோடு. இன்னொரு பெயர் வரும்... கோடு.

எட்டேகாலுக்கு எல்லாம் முடிந்தது. மேசையிலிருந்த போன் அடித்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து சரோஜினி என்கிற அம்மா. மகள் சுடர்மதிக்கு ஒன்பது வயது, பத்து மணிக்கு ஆபரேஷன். தன் பெயருக்கு எத்தனை சுற்று என்று தெரியாமல் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாளாம். தாளைப் பார்த்தேன். பதினான்கு என்றேன். அந்தப் பக்கம் பிள்ளை சிரித்தது எனக்கே கேட்டது. ஓடிய அக்காவிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் உள்ளே போவாளாம், கூப்பிடச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டார்.

சரி, அந்த அக்கா யார்? டீச்சரிடம் கேட்டேன்.

"சுடர்மதி பேருக்கு ஓட வேண்டிய பொண்ணு காய்ச்சல்னு வரவே இல்லையேக்கா. அட்டை இந்தா கிடக்கு."

எடுத்துப் பார்த்தேன். ஊசி குத்தின தடம்கூட இல்லை.

நான்தான் தப்பாக எழுதிவிட்டேனோ? முப்பது பேரையும் கூப்பிட்டு, அவரவர் எண்ணி வைத்திருந்ததோடு ஒப்பிட்டோம். ஒன்றும் பிசகவில்லை. அந்தப் பதினான்கு கோடு மட்டும் ஆள் இல்லாமல் நின்றது.

டீச்சர் மெதுவாகச் சொன்னார். "பேரு எனக்கும் கேட்டுச்சு. பொம்பளக் குரல். நீங்க அசராம கோடு போட்டீங்களா, வேற யாரோ மாத்தி ஓடுறாங்கன்னு நெனச்சேன். ஆனா அந்தப் பேருக்கு மட்டும்... காலடிச் சத்தம் இல்லக்கா."

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? தாளைக் கிழிப்பீர்களா? கட்டிலில் காத்திருக்கிற பிள்ளையிடம், உனக்கு யாரும் ஓடவில்லை கண்ணு என்பீர்களா? பால் கணக்கில்கூட இல்லாத கோடு நான் போட்டதில்லை.

அட்டையைச் சேலையில் குத்திக்கொண்டேன். உங்களுக்கு அந்த வலிக்கிற முழங்கால் இருக்கே என்றார் டீச்சர். முழங்கால் எல்லாருக்கும்தான் இருக்கிறது என்று இறங்கிவிட்டேன்.

இருநூறு மீட்டர் சுற்று, பனி இன்னும் விலகவில்லை. ஓடினேன், நடந்தேன், மறுபடி ஓடினேன். மேசை வரும்போதெல்லாம் அவள் பெயரைச் சொன்னேன். எட்டாவது சுற்றில் என் காலடியோடு இன்னொரு காலடியும் வந்தது. சின்னக் காலடி. நான் நின்றேன். அது நிற்கவில்லை... கொஞ்சதூரம் போய் நின்றது. எனக்காகக் காத்திருக்கிற மாதிரி. கர்த்தர் நாமத்தைச் சொல்லிக்கொண்டு அதன் பின்னாலேயே போனேன்.

பதினான்காவது சுற்றில் பெயரைச் சொன்னபோது டீச்சர் எழுந்து நின்றிருந்தார்.

"அக்கா... காலையில கேட்டது இந்தக் குரல்தான்."

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போன் போட்டேன். சுடர்மதியே எடுத்தாள்.

"ஆன்ட்டி, ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"ஓடினேன்ல கண்ணு."

"காலைல என் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டப்ப வாங்கலையே."

இது என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். வேதத்தில் இல்லாத விளக்கத்தை நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நாம் செய்தபிறகு பரலோகத்தில் எழுதுகிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை. சிலது முன்னாலேயே எழுதியாகிவிடுகிறது. ஆள் இறங்கி வருகிறாளா என்றுதான் பார்க்கிறார்கள். நான் அன்றைக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்காவிட்டால் அந்தக் கோடுகள் என்ன ஆகியிருக்கும்? நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

இந்த வருடப் பட்டியலில் சுடர்மதி பெயர் இல்லை. பதறாதீர்கள்... அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆனால் வேறு ஒன்பது பிள்ளைகளின் பெயருக்கு ஆள் இல்லை. ஓடுவீர்களா, மாட்டீர்களா? எதுவானாலும் வருகிற ஞாயிறுக்குள் எனக்குச் சொல்லிவிடுங்கள்.