சேனாபதிக்கு வைத்த மொய்

நம் ஊரை விட்டு வந்து பிளானோவில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு நல்ல மடக்கு நாற்காலி ஒன்று அவசியம், சுவாமிநாதன். சனிக்கிழமை காலையிலேயே மைதானத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும். நிழல் விழும் பக்கமாகப் பார்த்துப் போட்டுக்கொண்டால் ஆட்டம் முடியும்வரை நிம்மதியாக உட்காரலாம். நான் அப்படித்தான் வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன்.

கிளப்பின் புதுத் தலைவர் நீங்கள். நம் பெண் பிள்ளைகளின் கால்பந்து கிளப்பை, போட்டி நடத்தும் லீக்கிடம் மாட்டிவிட்டது யார் என்று கேட்க வந்திருக்கிறீர்கள். எதிரணி மேனேஜர் பக்கீர் முகம்மதுதான் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்களாம், ஹலால் கடையில் அவரைப் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்களாம். பாவம், அவருக்கு வாய்தான் அதிகம், பொறுமை கிடையாது. இது பொறுமைசாலி செய்த வேலை. அதற்கான பேர் இன்னொருத்தருக்குப் போவதில் எனக்குச் சம்மதமில்லை.

சேனாபதியை நான் வெறுத்தேன் என்று நினைக்காதீர்கள். பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன், கல்லூரியில் ஆடியவன். லெகஸி ஏரியாவில் ஒரு கம்பெனியில் வேலை. சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் நேராக மைதானத்துக்கு வந்து நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பான். பைசா வாங்கமாட்டான். விசாவில் இருப்பவன், ஆபீஸ் சம்பளம் தவிர வேறு வருமானம் கூடாது. இது எல்லாருக்கும் தெரியும். கிளப் பொருளாளன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

போன வருடம் ஒரு ஆட்டத்தில் என் மகள் பிரீத்தி பந்தைத் தவறவிட்டாள். நான் எழுந்து நின்று எப்படி உதைக்க வேண்டும் என்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. சேனாபதி திரும்பினான். "அண்ணா, ஒண்ணு நீங்க கோச் பண்ணுங்க, இல்ல நான் பண்றேன். வாயை மூடிட்டு உக்காருங்ணா" என்றான். அத்தனை பெற்றோரும் சிரித்தார்கள். தமிழ் தெரியாத ரெஃப்ரீகூடச் சிரித்தார். என் மனைவி வான்மதியும் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்தேன்.

இரண்டு வாரம் கழித்து பிரீத்தியை அணியிலிருந்து எடுத்துவிட்டான். காரணம் கேட்டதற்கு, "அவளுக்குக் கொஞ்சம் பிரேக் வேணும்ணா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றான். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

பிறகு அவன் வீடு வாங்கினான். கிரகப்பிரவேசத்துக்கு அழைத்தபோது மொய் எதுவும் வேண்டாம் என்று கைகூப்பிச் சொன்னான். நம் ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், நாமும் கேட்காமல் வைப்போம். "வருஷக் கணக்கா ஓசியில நம்ம புள்ளைங்கள ஓடவிட்டிருக்கான், மொய் வைக்காமப் போனா நல்லாவா இருக்கும்?" என்று நான்தான் பெற்றோர் குழுவில் எடுத்துக் கொடுத்தேன். ஆளாளுக்குக் கவர் வேண்டாம், எல்லாரும் கிளப் கணக்குக்கு அனுப்புங்கள், ஒரே செக்காகக் கொடுத்துவிடலாம் என்றேன். உங்களுக்கு நினைவிருக்கும், "ஜெயபிரகாஷ் அண்ணனுக்கு எவ்ளோ பெரிய மனசு" என்று முதலில் எழுதியவர் நீங்கள்தான்.

செக்கில் எதற்கு என்று குறிக்கும் இடத்தில் 'பயிற்சிக்கு, நன்றியுடன்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். கிரகப்பிரவேசம் என்று எழுதியிருந்தால் அது மொய். பயிற்சிக்கு என்று எழுதினால் அது கூலி. சம்பளமில்லாத கோச் என்று லீக்கில் பதிந்துவிட்டு அவருக்குக் கிளப் பணத்தில் கூலி கொடுத்தால் அந்தக் கிளப் ஒரு சீசன் ஆட முடியாது. அந்த விதியைப் படித்துக் கையெழுத்துப் போட்டவனே நான்தான்.

ஹோமப் புகை அடங்காத கூடத்தில் வைத்து, செக்கைக் கவரில் போட்டு வெற்றிலை பாக்கோடு கொடுத்தேன். எழுதியிருந்ததை அவன் படிக்கவே இல்லை. மொய்க் கவரை நம்மில் யார் கூட்டத்தில் பிரித்துப் பார்ப்போம்? அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அன்னிக்கு உங்கள அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்ணா. மனசுல வெச்சுக்காதீங்க" என்றான். நான் அவன் தோளில் தட்டினேன். சாம்பார் நன்றாக இருந்தது, இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

செக் பணமாகி அவன் கணக்கில் ஏறும்வரை காத்திருந்தேன். பேங்கில் போடும்போது பார்த்திருந்தாலும் நன்றி என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பான். அப்புறம் லீக்குக்குப் பேர் போடாமல் புகார் அனுப்பினேன், செக்கின் படத்தோடு. பிள்ளைகள் ஃபைனலுக்கு வந்திருந்த நேரம் அது. கிளப்பைத் தடை செய்தார்கள், ஜெயித்த ஆட்டங்களையும் பறித்துக்கொண்டார்கள். விசாரணையில் எனக்கு விதி சரியாகப் புரியவில்லை என்று சொன்னேன். எல்லாரும் என்னைத்தான் தேற்றினார்கள். நம் பெற்றோர் குழு மெஹர் நிஷா பிரியாணியே செய்து அனுப்பினாள்.

அதோடு விட்டிருந்தால் கணக்கு நேராகியிருக்காது. ஒரு சீசன் தடை என்றால் அடுத்த வருடம் அவன் மறுபடி விசிலோடு வந்து நிற்பான். அதனால் அவன் ஆபீசுக்கும் ஒரு நகல் அனுப்பினேன். விசாவில் இருப்பவன் வெளியில் கூலி வாங்கினான் என்றால் அவர்கள் ஏன் வம்பை இழுத்துக்கொள்கிறார்கள்? வேலை போயிற்று. வேறு வேலை கிடைப்பதற்குள் விசாக் கெடு முடிந்துவிட்டது. கிரீன் கார்டுக்கு அத்தனை காலம் வரிசையில் நின்றவன், பால் காய்ச்சிய வீட்டை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு பொள்ளாச்சிக்குப் போய்விட்டான். அவன் மகள் ரித்திகா நம் கோல்கீப்பர், பிரீத்திக்கு உயிர்த்தோழி. இங்கேயே பிறந்தவள், தமிழ் எழுத்துக்கூட்டக்கூட வராது. ஏர்போர்ட்டுக்கு நான்தான் டிரைவ் பண்ணி விட்டேன். எட்டுப் பெட்டி, என் வேன்தான் தோதாக இருந்தது. சேனாபதி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கூடவே நின்னீங்கண்ணா, மறக்கமாட்டேன்" என்றான்.

காபி ஆறுகிறது. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

கிரகப்பிரவேசம் முடிந்து டோல்வேயில் திரும்பும்போது, பின் சீட்டிலிருந்து பிரீத்தி ஆங்கிலத்தில் ஒன்று சொன்னாள். அணியிலிருந்து எடுக்கச் சொல்லி சேனாபதி அங்கிளைக் கெஞ்சியதே அவள்தானாம். ஒவ்வொரு ஆட்டத்திலும் நான் கத்துவது தாங்காமல் பாத்ரூமில் போய் அழுவாளாம். "ப்ளீஸ் டோன்ட் பி மேட் அட் ஹிம், அப்பா" என்றாள். என் மனசு புண்படக் கூடாது என்று, அவனே எடுத்ததாக இருக்கட்டும் என்று சேனாபதிதான் சொன்னானாம். நான் கண்ணாடியில் அவளைப் பார்த்து, சரி கண்ணு என்றேன்.

அப்போது செக் அவன் சட்டைப் பையில்தான் இருந்தது. ஒரு போன் போட்டு, அதை பேங்கில் போடாதே என்று சொல்லியிருக்கலாம். புகாரை நான் எழுதக்கூட ஆரம்பிக்கவில்லை.

ரித்திகா போனதிலிருந்து பிரீத்தி என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறாள். பதின்மூன்று வயசு, அந்த வயசுக் கோபம். பெரியவளாகும்போது புரிந்துகொள்வாள், சுவாமிநாதன். எல்லாம் அவளுக்காகத்தானே செய்தேன்.